தூண்டில் ஈயக்குண்டில் பவுடர் பூச்சு உரியாமல் பிடிக்க

மத்திக் கூட்டம் தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் மாகாணத்துத் தென்கரையை நெருங்கும் ஜூன், ஜூலை மாதங்களுக்கு முன்பே, டர்பனில் தூண்டில் போடும் வீடுகள் பலவற்றில் ஈயம் உருக்கும் வேலை தொடங்கிவிடுகிறது. பாறையிடுக்கில் சிக்கி அறுந்துபோகும் குண்டுகளை ஒவ்வொரு முறையும் கடையில் வாங்கிக் கட்டுப்படியாகாது என்பதால், சிங்க்கர் என்று நாம் சொல்லும் அந்தக் குண்டுகளை வீட்டிலேயே வார்த்துக்கொள்வது நம்மிடையே பழைய வழக்கம். இப்போது அவற்றின்மேல் பவுடர் பூச்சு, அதாவது நிறத்தூளை ஒட்டவைத்து ஓவன் சூட்டில் உருக்கி இறுகவைக்கும் பூச்சு, ஏற்றும் ஆர்வமும் பலரைப் பற்றியிருக்கிறது. பூச்சுள்ள குண்டை எடுத்தால் விரலில் கறுப்பு ஒட்டுவதில்லை. உப்புக்காற்றில் அதன்மேல் வெண்மை பூப்பதில்லை. தூண்டில் முள்ளோடு சேர்த்து வார்க்கும் ஜிக் தலைகளாக இருந்தால் நிறம் மீனின் கண்ணையும் இழுக்கிறது. பூச்சு உலோகத்தை விட்டுப் பெயராமல் இருந்தால்தான் இவை எல்லாம் கிடைக்கும்.

சாட்ஸ்வொர்த்தில் என் வீட்டுப் பின்கட்டில் நான் முதன்முதலில் பூசிய நாற்பது சிவப்புக் குண்டுகள் பார்ப்பதற்குக் கண்ணாடி போல இருந்தன. ப்ளூ லகூன் கழிமுகத்துப் பாறைகளில் மூன்றாவது வீச்சிலேயே, அவித்த முட்டையின் ஓடு கழல்வதைப் போல அந்தப் பூச்சு தகடு தகடாகக் கழன்று விழுந்தது. பவுடர் மட்டமானது என்று முடிவு செய்து வேறு பவுடர் வாங்கினேன். அதுவும் அப்படியே உரிந்தது. பிறகு வார்ப்பு முதல் ஓவன் வரை ஒவ்வொரு படியையும் தனித்தனியாக மாற்றிப் பார்த்தபோதுதான், குறை பவுடரில் இல்லை, குண்டின் மேற்பரப்பிலும் ஓவனின் சூட்டிலும் இருந்தது என்பது தெளிவாயிற்று. ஈயத்தின் மேல் எண்ணெயோ புகைக்கரியோ ஈரமோ இருக்கக்கூடாது. பூசிய பவுடர் உருகினால் மட்டும் போதாது, முழுவதும் வெந்து இறுகவேண்டும். கீழே சொல்லப்போவது அனைத்தும் இந்த இரண்டையும் உறுதி செய்வதற்கான வழிகளே.

உருக்கும் இடம்

பூச்சைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஈயத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இரத்தத்தில் ஈயம் இந்த அளவு வரை இருந்தால் தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை என்பது உலக நலவாழ்வு அமைப்பின் நிலைப்பாடு. தென்னாப்பிரிக்க மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் மேற்குக் கேப் மாகாணத்து மீனவச் சிற்றூர்களில் பள்ளிப் பிள்ளைகளின் இரத்தத்தைச் சோதித்தபோது, வீட்டில் குண்டு வார்ப்பதற்காக ஈயம் உருக்கும் பழக்கத்துக்கும் பிள்ளைகளின் இரத்தத்தில் ஏறியிருந்த ஈயத்துக்கும் தொடர்பு இருப்பதைக் கண்டார்கள். நம் வீடுகளிலும் நடப்பது அதே வேலைதான். ஆகையால் சமையலறையிலும், இறைச்சி சுடும் பிராய் அடுப்பிலும் ஒருபோதும் ஈயத்தை உருக்கவேண்டாம். பிள்ளைகளும் கருவுற்ற பெண்களும் வராத, காற்றோட்டமான திறந்த வெளியில், மழை வராத நாளில், தனியாக வைத்திருக்கும் எரிவாயு அடுப்பில் உருக்குங்கள். அந்தச் சட்டியும் கரண்டியும் வேறு எதற்கும் பயன்படக்கூடாது. வேலை முடிந்ததும் சட்டையை மாற்றி, சோப்புப் போட்டுக் கைகழுவிய பிறகே தண்ணீர்கூடக் குடிக்கவேண்டும். கீழே சிந்திய கசட்டைத் துடைப்பத்தால் பெருக்கினால் தூசு எழும். ஈரத்துணியால் துடைத்து எடுத்து, அந்தத் துணியையும் கட்டி எறிந்துவிடுங்கள்.

உருகிய ஈயத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்து உள்ளே மாட்டிக்கொண்டால், அது நொடியில் ஆயிரம் மடங்குக்கு மேல் விரிந்து ஆவியாகி, சட்டியிலுள்ள ஈயத்தை முகத்தில் அறைந்துவிடும். சட்டியில் சேர்க்கும் ஒவ்வொரு துண்டையும் முதலில் அடுப்பருகே வைத்துக் காயவிடுங்கள். கடற்கரையில் பொறுக்கிய பழைய குண்டுகளின் துளைகளில் ஈரமணல் இருக்கும் என்பதால், அவற்றைக் காலியான சட்டியில் முதலில் போட்டு, அதன்பிறகே அடுப்பைப் பற்றவையுங்கள். முகமறைப்பும் தோல் கையுறையும் மூடிய காலணியும் இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது.

எந்த ஈயம்

தூய காரீயம், அதாவது குண்டு வார்க்கும் ஈயம், 327 டிகிரி செல்சியஸில் உருகும். பவுடர் பூச்சு வேக வேண்டிய சூடு பெரும்பாலும் 180 முதல் 200 டிகிரி வரை. இரண்டுக்கும் நடுவே போதிய இடைவெளி இருப்பதால், தூய ஈயத்தில் வார்த்த குண்டு ஓவனில் உருகிவிடுமோ என்று அஞ்சவேண்டியதில்லை. கார்ச் சக்கரத்தின் விளிம்பில் பொருத்தும் பழைய ஈய எடைகளில் சிறிதளவு ஆன்டிமனி கலந்திருக்கும். அந்தக் கலவை சுமார் 250 டிகிரியில்தான் இளகத் தொடங்கும் என்பதால் அதுவும் ஏற்றதே. அவற்றிடையே துத்தநாக எடைகள் கலந்திருந்தால், சட்டியின் சூட்டை 400 டிகிரிக்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள். துத்தநாகம் 419 டிகிரியில்தான் உருகும் என்பதால் அது மேலே மிதக்கும், கரண்டியால் எடுத்துவிடலாம்.

ஆபத்து வெள்ளீயத்தில் இருக்கிறது. மின்வேலைக்குப் பயன்படும் பற்றாசு கம்பிகளில் வெள்ளீயம் மிகுதி. காரீயமும் வெள்ளீயமும் அந்த விகிதத்தில் சேர்ந்தால் 183 டிகிரியிலேயே உருகத் தொடங்கிவிடும். அதாவது, பூச்சு வேகும் சூட்டில் குண்டே தொய்ந்துவிடும். பற்றாசுத் துண்டுகளைச் சட்டியில் சேர்த்த ஒரு நண்பரின் குண்டுகள் ஓவனில் கொக்கியிலிருந்து நழுவித் தட்டில் படிந்துவிட்டதை நேரில் பார்த்திருக்கிறேன். நம் வீடுகளில் பாட்டிமார் ரசம் வைத்த ஈயச்சொம்பு எங்காவது மூலையில் கிடந்தால், அதையும் இந்தச் சட்டியில் போட்டுவிடாதீர்கள். பெயர் ஈயமே ஆனாலும் அது செய்யப்படுவது வெள்ளீயத்தில். குண்டுக்கு அது ஆகாது, சொம்பாக இருப்பதே அதற்கு மதிப்பு. வண்டி மின்கலத்தின் ஈயத்தைத் தொடவே வேண்டாம். அதில் அமிலம் ஊறியிருப்பதோடு, அதன் கசடு ஈரம் பட்டால் கொடிய நச்சுவாயுக்களை வெளியிடக்கூடியது.

அச்சிலிருந்து பூச்சு வரை கை படாமல்

பலரும் அச்சிலிருந்து குண்டு எளிதாகக் கழலட்டும் என்று மெழுகுவத்திப் புகையை அச்சின் உட்புறத்தில் காட்டுவார்கள். சிலர் எண்ணெய் தடவுவார்கள். பூச்சில்லாத குண்டுக்கு இதனால் கெடுதல் ஏதும் இல்லை. பூசப்போகும் குண்டுக்கோ இதுவே முதல் எதிரி, ஏனெனில் அந்தக் கரியும் எண்ணெயும் குண்டின் தோலோடு ஒட்டிக்கொண்டு வெளியே வருகின்றன. என் சிவப்புக் குண்டுகள் உரிந்ததன் முதற்காரணம் இந்தப் புகைதான். அச்சை அசிட்டோன் போன்ற கரைப்பானில் நன்றாகத் துடைத்து, போதிய அளவு சூடேற்றி வைத்தாலே குண்டு தானாகக் கழலும். அச்சு குளிர்ந்திருந்தால் குண்டின் மேல் சுருக்கங்கள் விழும். அந்தச் சுருக்கங்களில் அடைபட்ட காற்று பின்னால் பூச்சில் கொப்புளமாகக் கிளம்பும். முதல் நான்கைந்து குண்டுகளை அச்சைச் சூடாக்குவதற்கென்றே வார்த்து, மீண்டும் சட்டியில் போட்டுவிடுவது நல்லது.

கழன்ற குண்டைத் தண்ணீரில் போட்டுக் குளிரவைக்கவேண்டாம். தண்ணீர் வாளி உருகிய ஈயத்துக்கு அருகில் இருப்பதே தவறு. தவிர, தண்ணீர் காய்ந்த தடம் மேற்பரப்பில் தங்கிவிடும். தூய பருத்தித் துணி விரித்து அதன்மேல் உருட்டிவிடுங்கள். ஆறியதும் வாய்ப்பகுதியில் நீட்டிக்கொண்டிருக்கும் ஈயத்தை வெட்டுக்குறட்டால் நறுக்குங்கள். அரமோ உப்புத்தாளோ கொண்டு உலர்ந்த நிலையில் தேய்த்தால் ஈயத்தூள் பறக்கும் என்பதால் அதைத் தவிர்க்கவேண்டும்.

இந்தக் கட்டத்திலிருந்து ஓவன் வரை வெறுங்கை படக்கூடாது. விரல்நுனியின் எண்ணெய்ப்பசை கண்ணுக்குத் தெரியாது. ஆனால் பூச்சு உரிந்த இடத்தை உற்றுப் பார்த்தால், பல வேளைகளில் கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் பிடிக்கும் இரு பக்கங்களில்தான் அது முதலில் உரிந்திருக்கும். நைட்ரில் கையுறை அணிந்து, குண்டின் வளையத்தில் கம்பிக் கொக்கியை மாட்டிவிட்டால், பிறகு கொக்கியைப் பிடித்தே எல்லா வேலையும் செய்யலாம்.

கழுவுவதற்கு அசிட்டோன் போதும். இரண்டு கண்ணாடிப் புட்டிகளில் ஊற்றிக்கொள்ளுங்கள். முதற்புட்டியில் குண்டை அலசி அழுக்கைப் போக்கி, இரண்டாவதில் முக்கி எடுத்துத் தொங்கவிட்டால் ஒரு நிமிடத்துக்குள் காய்ந்துவிடும். முதற்புட்டி கலங்கியதும் அதை அகற்றி, இரண்டாவதை முதலாவதாக்கி, இரண்டாவதில் புதிதாக ஊற்றவேண்டும். கலங்கிய கரைப்பானில் முக்குவது எண்ணெயை எல்லாக் குண்டுகளுக்கும் பங்கிட்டுக் கொடுப்பதாகும். நிறமூட்டிய மெத்திலேட்டட் ஸ்பிரிட் மலிவாகக் கிடைக்கிறது என்றாலும், அதில் சேர்த்துள்ளவை காய்ந்தபின் படலமாகத் தங்கக்கூடும் என்பதால் நான் அதைப் பயன்படுத்துவதில்லை. அசிட்டோன் எளிதில் தீப்பற்றும். அடுப்பும் ஓவனும் அணைந்திருக்கும்போது, திறந்த வெளியில்தான் இந்தக் கழுவலைச் செய்யவேண்டும்.

பழைய குண்டுகளாக இருந்தால் அவற்றின்மேல் சாம்பல்நிறத் துருப்படலம் தடித்திருக்கும். பித்தளைப் பாத்திரத்தைப் புளியால் விளக்கும் பழக்கத்தில் இதையும் புளியோ வினிகரோ போட்டுத் தேய்த்துவிடக்கூடாது. அமிலம் ஈயத்தைக் கரைத்து, உடம்பில் எளிதில் சேரும் நச்சு உப்புகளை உண்டாக்குகிறது. வினிகரில் உண்டாகும் ஈய அசிட்டேட் நாவில் இனிக்கும் நஞ்சு. அந்த உப்புகளின் மேல் பூச்சும் நிற்பதில்லை. பழைய குண்டுகளைச் சட்டியில் போட்டு மறுபடி வார்ப்பதே நேர்மையான வழி. புதிதாக வார்த்த ஈயம் வெள்ளிபோல் மின்னும்; நாளாக ஆக மங்கும். அந்த மினுமினுப்பு இருக்கும்போதே, அதாவது வார்த்த அன்றோ மறுநாளோ, பூசிவிடுவது சிறந்தது.

கழுவியபின் ஒரு படி இருக்கிறது. அதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வெறும் குண்டுகளை ஓவனில் 200 டிகிரியில் கால் மணி நேரம் தொங்கவிடுங்கள். துளைகளில் ஒளிந்திருக்கும் ஈரமும் காற்றும் கரைப்பானும் இப்போதே வெளியேறிவிடும். இல்லாவிட்டால் அவை பூச்சு உருகும் நேரத்தில் வெளியேறி ஊசித்துளைகளை விட்டுச் செல்லும். கழுவிய குண்டில் கரைப்பான் வாடை முற்றிலும் போனபிறகே ஓவனுக்குள் அனுப்பவேண்டும்.

பவுடரும் டர்பன் காற்றும்

வெயிலில் கிடக்கப்போகும் பொருளுக்குப் பாலியெஸ்டர் வகைப் பவுடரே ஏற்றது. எபாக்சி வகை உலோகத்தை இறுகப் பற்றும் என்றாலும் வெயிலில் சுண்ணாம்பு பூத்தாற்போல வெளிறிவிடும். வாங்கும்போது எத்தனை டிகிரியில் எத்தனை நிமிடம் வேகவைக்கவேண்டும் என்பதைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த எண்கள் இல்லாத பவுடர் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

சிறு குண்டுகளைப் பூசுவதற்குக் குலுக்கும் முறை ஒன்று உண்டு. அடியில் 5 என்ற எண் பொறித்த பாலிப்ரொப்பிலீன் டப்பாவில் குண்டுகளையும், ஒரு தேக்கரண்டிப் பவுடரையும், விளையாட்டுத் துப்பாக்கிக்குரிய பிளாஸ்டிக் மணிகள் ஒரு கைப்பிடியையும் போட்டு, மூடி, ஒரு நிமிடம் சுழற்றிக் குலுக்கினால், உராய்வில் பிறக்கும் நிலைமின்சாரம் பவுடரைக் குண்டின்மேல் ஒட்டவைக்கும். வறண்ட நாளில் இது அழகாக வேலை செய்கிறது. டிசம்பர் முதல் மார்ச் வரை, இந்தியப் பெருங்கடலின் வடகிழக்குக் காற்று வீசி, துணிகூட உலராமல் தொங்கும் நாட்களில், அந்த மின்சாரம் ஈரக்காற்றில் கசிந்துபோவதால் பவுடர் திட்டுத்திட்டாகத்தான் ஒட்டும். டர்பன்வாசிகள் பலர் இந்த முறையை ஒருமுறை செய்து பார்த்துக் கைவிட்டதற்குக் காரணம் செய்முறைப் பிழை அல்ல, அவர்கள் தேர்ந்தெடுத்த மாதம். மே, ஜூன் மாதங்களில், உள்நாட்டிலிருந்து வறண்ட காற்று வரும் நாளில் செய்து பாருங்கள். அதே டப்பா, அதே பவுடர், வேறு விளைவு.

ஈரம் பவுடரையே கெடுக்கவும் செய்யும். காற்றுப்புகாத டப்பியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, வீட்டின் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். தகரக் கூரை போட்ட கராஜில் வைத்தால் கோடைச் சூட்டில் கட்டிதட்டிவிடும். குளிர்ந்த இடத்திலிருந்து எடுத்த டப்பியை உடனே திறந்தால் வெளிக்காற்றின் ஈரம் பவுடரின் மேல் படியும். சூழலின் சூட்டுக்கு வரும்வரை காத்திருந்து திறக்கவேண்டும். பயன்படுத்துமுன் மெல்லிய சல்லடையில் சலித்துக்கொள்ளுங்கள். சலிக்கும்போதும் குலுக்கும்போதும் பறக்கும் தூள் நுரையீரலுக்கும் தோலுக்கும் ஆகாது என்பதால் தூசுக்குரிய முகக்கவசமும் கையுறையும் தேவை. காற்றில் மிதக்கும் பவுடர் நெருப்புப் பட்டால் குப்பென்று பற்றும். அருகில் எரியும் அடுப்போ சிகரெட்டோ இருக்கக்கூடாது.

சூட்டில் தோய்த்தல்

நம் கடற்கரைக்கு வேண்டிய நூறு, நூற்றைம்பது கிராம் குண்டுகளுக்கு நான் பரிந்துரைப்பது இந்த முறையையே, ஏனெனில் இதற்கு நிலைமின்சாரம் தேவையில்லை. ஆகவே கோடையிலும் செய்யலாம். ஓவனில் குண்டுகளைச் சுமார் 160 டிகிரி வரை சூடேற்றி, கொக்கியோடு எடுத்து, பொலபொலவென்று குலுக்கி வைத்த பவுடருக்குள் ஒரு நொடி விரைவாக ஆட்டி எடுக்கவேண்டும். பட்ட பவுடர் அங்கேயே இளகி ஒட்டிக்கொள்ளும். கொக்கியைத் தட்டி மிகுதியை உதிர்த்துவிட்டுத் தொங்கவிடுங்கள். மேற்பரப்பு ஈரமணல்போல் சொரசொரப்பாகத் தெரிந்தால் அளவு சரி. ஓவனில் அது சமமாகப் பரவிவிடும். எடுத்த கணமே பாகுபோல் வழிந்து பளபளத்தால் சூடு அதிகம், பூச்சும் தடிப்பு. தடித்த பூச்சு வலுவானது என்று எண்ணுவது இயல்பு; உண்மையில் அது குண்டின் அடியில் சொட்டாகத் திரளும், பாறையில் மோதும்போது முதலில் உடைவதும் அந்தச் சொட்டுதான். பெரிய குண்டு சூட்டை நெடுநேரம் தாங்குவதால், அதைச் சிறியதைவிடச் சற்றுக் குறைந்த சூட்டில் எடுக்கவேண்டும்.

டப்பியில் பவுடர் அமுங்கிக் கிடந்தால் குண்டு பள்ளம் பறித்துக்கொண்டு போகுமே தவிர, எல்லாப் பக்கமும் சமமாகப் படாது. அதற்கு ஓர் எளிய ஏற்பாடு செய்துகொள்ளலாம். அகலமான பிளாஸ்டிக் குழாய்த் துண்டின் நடுவில் காபி வடிகட்டும் தாளை இறுக்கிக் கட்டி, அதன்மேல் பவுடரைக் கொட்டி, கீழ்ப்பகுதியை மூடி, மீன்தொட்டிக்குக் காற்றூதும் சிறு பம்பின் குழாயை அதில் செருகினால், தாளின் வழியே மெல்லக் கசியும் காற்றில் பவுடர் கொதிக்கும் பால்போல் பொங்கி நிற்கும். அதில் தோய்த்த குண்டும், டப்பியில் தோய்த்த குண்டும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு கண்ணுக்கே தெரியும்.

மணலைப் பற்றிக்கொள்ளக் கம்பிக்கால் வைத்த குண்டுகளில், கால்களில் பவுடர் படாமல் உயர்சூடு தாங்கும் ஒட்டுப்பட்டையைச் சுற்றிவிடுங்கள். வளைந்து நிமிரும் கம்பியில் எந்தப் பூச்சும் நிற்காது, அது உரியத் தொடங்கினால் குண்டின் உடல்வரை பரவும். தூண்டில் நரம்பு கட்டும் வளையத்தில் பவுடர் அடைத்திருந்தால், வேகுமுன்பே ஊசியால் குத்தித் திறந்துவிடவேண்டும்.

வேகவைத்தல்

பூச்சு கெடும் இடம் பெரும்பாலும் இதுதான். பவுடர் 100 டிகிரியைத் தாண்டியதும் உருகிப் பரவி, கண்ணாடிபோல் பளபளக்கத் தொடங்குகிறது. பார்ப்பவருக்கு வேலை முடிந்துவிட்டதாகத் தோன்றும். அந்நேரத்தில் அது உருகிய பிளாஸ்டிக் மட்டுமே. உள்ளே மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் வேதிவினை இன்னும் நடக்கவில்லை. அந்தப் பின்னல்தான் பூச்சுக்கு வலுவையும் பிடிப்பையும் தருகிறது. அதற்குக் குறிப்பிட்ட சூடும் குறிப்பிட்ட நேரமும் வேண்டும். பவுடரோடு வரும் தாளில் 200 டிகிரியில் பத்து நிமிடம் என்றோ, 180 டிகிரியில் இருபது நிமிடம் என்றோ இருக்கும். அந்தச் சூடு குண்டின் உலோகம் அடையவேண்டிய சூடு. ஓவனின் காற்றுச் சூடன்று. நேரத்தையும் உலோகம் அந்தச் சூட்டை எட்டிய கணத்திலிருந்தே கணக்கிடவேண்டும்.

வீட்டு ஓவனின் திருகில் காணும் எண்ணை நம்பக்கூடாது. என் சிறு ஓவனின் திருகு 200 என்று காட்டியபோது, உள்ளே தொங்கிய குண்டின் சூடு 160-ஐத் தாண்டவில்லை. இதை அறிய ஒரு வழி இருக்கிறது. நீங்கள் பூசும் அதே எடையுள்ள ஒரு குண்டில் சிறு துளையிட்டு, மின்வேலைக்காரர்கள் பயன்படுத்தும் மல்டிமீட்டரின் வெப்பமுனைக் கம்பியை அதற்குள் செருகி, அந்தக் குண்டை மற்றவற்றின் நடுவில் தொங்கவிடுங்கள். அது எத்தனையாவது நிமிடத்தில் 200-ஐ எட்டுகிறது என்பதைக் குறித்துக்கொண்டால், பிறகு ஒவ்வொரு முறையும் அளக்கவேண்டியதில்லை. தொலைவிலிருந்து சுட்டிப் பார்க்கும் அகச்சிவப்பு வெப்பமானி மினுங்கும் ஈயத்தில் பொய்யான அளவைக் காட்டும். அதை இதற்கு நம்பவேண்டாம். குண்டுகள் ஒன்றையொன்று தொடாமலும், சிவந்து எரியும் கம்பிச்சுருளுக்கு மிக அருகில் வராமலும் தொங்கவேண்டும். சுருளுக்கும் குண்டுக்கும் இடையே ஒரு தகரத்தட்டை வைத்துவிட்டால் சூடு சீராகப் பரவும்.

இந்த ஓவனில் பிறகு உணவு சமைக்கக்கூடாது. பழைய ஓவன் ஒன்றை இதற்கென்று ஒதுக்கி, அதன்மேல் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். வேகும்போது எழும் ஆவி மூச்சுக்கு நல்லதல்ல என்பதால் அது வீட்டுக்கு வெளியேதான் இருக்கவேண்டும்.

மின்சாரம் முறைவைத்து நிறுத்தப்பட்ட 2022, 2023 ஆண்டுகளில், நடுவில் ஓவன் அணைந்து பாதி வெந்த குண்டுகளைக் குப்பையில் போட்டவர்கள் உண்டு. போடவேண்டியதில்லை. தூசு படாமல் மூடிவைத்து, மின்சாரம் வந்ததும் முழுச் சூட்டுக்கு ஏற்றி, நேரத்தை முதலிலிருந்து எண்ணுங்கள். நின்றுபோன வினை தொடர்ந்து நடந்து முடியும். சில நிமிடங்கள் கூடுதலாக வெந்தால் வெள்ளை போன்ற வெளிர்நிறங்கள் சற்றுப் பழுப்பேறலாம், பிடிப்பு குறையாது. குறைவாக வெந்ததற்கு அத்தகைய மன்னிப்பு கிடையாது.

சோதனை

வெந்து ஆறிய குண்டுகளில் ஒன்றைப் பலிகொடுங்கள். கல்லின்மேல் வைத்துச் சுத்தியலால் அடித்துத் தட்டையாக்குங்கள். ஈயம் மென்மையானது, வளைந்து நசுங்கும். நன்றாக வெந்து நன்றாகப் பிடித்த பூச்சு ஈயத்தோடு சேர்ந்து நீளும், ஓரத்தில் மயிரிழை விரிசல் விடலாம், தகடாகப் பெயராது. இன்னொரு குண்டை, அசிட்டோனில் நனைத்த வெள்ளைத் துணியால் அழுத்தி இருபது முறை தேயுங்கள். துணியில் இலேசாக நிறம் ஏறினால் கவலையில்லை. பூச்சு பிசுபிசுத்து ஈயம் தெரிந்தால் வேகவில்லை என்று பொருள், மீதிக் குண்டுகளை மீண்டும் ஓவனில் இடவேண்டும்.

பூச்சு பெயர்ந்தால் அது பெயர்ந்த விதத்தைப் பாருங்கள். பெரிய தகடாக உரிந்து, கீழே ஈயம் பளிச்சென்று இருந்தால், இடையில் எண்ணெயோ கரியோ இருந்திருக்கிறது. கழுவலைத் திருத்தவேண்டும், மறுபடி வேகவைத்துப் பயனில்லை. உரிந்த தகட்டின் உட்புறத்தில் சாம்பல் படிந்திருந்தால் பழைய துருவின் மேல் பூசியிருக்கிறீர்கள். பொடிப்பொடியாக நொறுங்கினாலோ நகத்தால் சுரண்ட வந்தாலோ சூடு போதவில்லை. ஊசித்துளைகளும் கொப்புளங்களும் இருந்தால் ஈரமும் அடைபட்ட காற்றும் காரணம். முன்கூட்டிச் சூடேற்றும் படியை விடாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் உரிந்தால், அந்தப் பக்கம் உங்கள் விரல் பட்டதா, அல்லது ஓவனின் கதவுப்பக்கமாக இருந்து சூடு குறைந்ததா என்று பாருங்கள். இரண்டையும் நான் பார்த்திருக்கிறேன்.

தகடாக உரிந்த குண்டின்மேல் இன்னொரு பூச்சு ஏற்றுவது வீண், அது பழைய பூச்சைப் பிடித்துக்கொண்டிருக்குமே தவிர ஈயத்தைப் பிடிக்காது. அதைச் சட்டியில் போட்டு மறுபடி வார்க்கவேண்டும். பூச்சு எரியும்போது கரும்புகை எழும் என்பதால், காற்று உங்கள் முதுகுப் பக்கத்திலிருந்து வீசும்படி நின்று, எல்லாம் எரிந்து முடியும்வரை சட்டியின்மேல் குனியாமல் இருங்கள். மேலே மிதக்கும் சாம்பலை உலர்ந்த கரண்டியால் எடுத்து மூடியுள்ள தகரத்தில் சேருங்கள்.

பூச்சு எவ்வளவு நன்றாகப் பிடித்தாலும் ஈயம் ஈயமே. நரம்பில் கவ்வவைக்கும் சிறுமணி ஈயத்தைப் பல்லால் கடித்து மூடும் பழக்கம் நம்மில் இன்னும் இருக்கிறது. நிறப்பூச்சு இருக்கிறதே என்று அதைத் தொடரக்கூடாது, குறடு எடுத்துச் செல்லுங்கள். டர்பனின் ப்ளஃப் கடற்கரைப் பாறைகளில் நாள்முழுதும் அடிபட்ட குண்டில் எங்காவது ஈயம் தெரியும். வீடு திரும்பியதும் அவற்றைத் தனியே பிரித்துவைத்து, அடுத்த வார்ப்பில் உருக்கிவிடுங்கள். பூச்சு முழுதாக உள்ளவற்றை நல்லநீரில் அலசி உலர்த்தி, ஒன்றோடொன்று மோதாதபடி அறை பிரித்த டப்பாவில் அடுக்கினால், அடுத்த மத்திக் காலம்வரை அவை அப்படியே இருக்கும்.